படர்க்கையில் இருந்தது போதும்

கல்யாணப் பந்தியில் உட்கார்ந்திருக்கிறாய். இலை போட்டாயிற்று, சோறும் விழுந்துவிட்டது. சாம்பார் வாளியோடு வருகிறவர் உன் எதிரில் வந்து நிற்கிறார். கேள்வி மட்டும் உன் பக்கத்தில் இருக்கும் அம்மாவிடம் போகிறது: “இவருக்குச் சாம்பார் ஊத்தலாமா?” பசி உனக்கு. இலை உனக்கு. பதில் சொல்ல வாயும் உனக்கு இருக்கிறது. ஆனாலும் உன் தலைக்கு மேலே இருவர் பேசி, உன் சோற்றுக்கு என்ன ஊற்றுவது என்று முடிவு செய்கிறார்கள்.

வங்கிக்குப் போனால், “இவர் கையெழுத்துப் போடுவாரா, கைநாட்டா?” என்று கூட வந்த தம்பியிடம் கேட்பார்கள். “இவங்களுக்கு எத்தனை நாளா காய்ச்சல்?” என்று டாக்டர் அக்காவைக் கேட்பார். ஏற்றிவிட வந்தவரிடம் ஆட்டோக்காரர், “சாரை எங்க இறக்கிவிடணும்?” என்பார். இவர்களில் யாரும் கெட்டவர்கள் இல்லை. ஆனால் நீயும் நானும் நினைவு தெரிந்த நாள் முதல், நம் எதிரிலேயே படர்க்கையில் பேசப்பட்டுப் பழகிவிட்டோம். ஆள் உட்கார்ந்திருக்கும்போதே அவன், அவள், இவர், இவங்க. இதையே கேட்டு வளர்ந்த ஒருவரிடம், ‘நான்’ என்று தொடங்கி நாலு வாக்கியம் எழுது என்றால் விரல் நடுங்கத்தான் செய்யும்.

அந்த நடுக்கத்தோடுதான் எனக்குச் சண்டை.

நான் தமிழ் வாத்தியார். எனக்கும் பார்வை கிடையாது. பார்வையற்ற கல்லூரிப் பிள்ளைகள் தாங்கள் எழுதியதை வாட்ஸ்ஆப்பில் எனக்கு அனுப்புவார்கள். அவர்களுக்கு நான் சொல்வதைத்தான் உனக்கும் சொல்கிறேன், தம்பி. தங்கச்சி, உனக்கு இன்னும் அழுத்தமாகச் சொல்கிறேன். எழுது. உன்னைப் பற்றி நீயே எழுது. ஊர் உன்னை எழுதி முடிப்பதற்குள் எழுது.

ஊர் உன்னை எழுதிக்கொண்டுதான் இருக்கிறது. அதற்கு அவர்களிடம் இரண்டே அச்சுகள். ஒன்று, பாவம். கறுப்புக் கண்ணாடி, கையில் கோல், கீழே நன்கொடை எண். இன்னொன்று, அதிசயம். “இருளை வென்ற இளைஞர்”, “அகக்கண்ணால் உலகைப் பார்க்கும் பெண்”. முதல் அச்சில் உன்னைப் பார்த்து உச்சுக் கொட்டுவார்கள். இரண்டாவதில் மூக்கின் மேல் விரல் வைப்பார்கள். இரண்டிலும் நீ அவர்களுடைய பக்கத்து வீட்டுக்காரன் ஆக மாட்டாய். பக்கத்து வீட்டுக்காரனுக்குக் கடன் இருக்கும், கோபம் வரும், அண்ணன் மேல் பொறாமை இருக்கும், பிடித்த பாட்டு இருக்கும், ஓட்டுப் போட்ட கட்சி மேல் வருத்தம் இருக்கும். இவை எல்லாம் உனக்கும் உண்டு என்று உலகத்துக்குச் சொல்லக்கூடிய ஒரே ஆள் நீதான். வேறு யாரும் சொல்லப்போவதில்லை. இத்தனை வருடம் சொல்லவில்லையே!

ஒரு மாணவி தன் முதல் கட்டுரையை அனுப்பினாள். ‘கடவுள் என் கண்களைப் பறித்துக்கொண்டாலும் நம்பிக்கை என்னும் ஒளியை ஏற்றிவைத்தார்’ என்று தொடக்கம். இரண்டு பக்கமும் அப்படியே. அதில் அவள் எங்கே? தேடிப் பார்த்தேன், இல்லை. மேடையில் யாரோ பேசியதைக் கேட்டுக் கேட்டு மனப்பாடம் ஆன வரிகள். “இது உன்னுடையது இல்லை அம்மா. போன வாரம் உனக்கு எதில் கோபம் வந்தது? அதை எழுது” என்றேன். பத்து நாள் சத்தமே இல்லை. பிறகு ஒன்று வந்தது. அண்ணன் கல்யாணம். பெண் வீட்டார் வரும் நேரத்தில், “கூட்டமா இருக்கு, நீ பத்திரமா உள்ள இரு” என்று பெரியம்மா அவளைச் சாமான் அறையில் உட்கார வைத்துவிட்டார். பட்டுப்புடவை கட்டி, தலை நிறைய மல்லிகைப்பூ வைத்து, வாழைத்தார்களுக்கும் தேங்காய் மூட்டைக்கும் நடுவில் அவள் இருக்கிறாள். வெளியே கெட்டிமேளம். யாரோ தேங்காய் எடுக்க உள்ளே வந்து, விளக்கைப் போடாமலே, அவள் இருப்பது தெரியாமல் காலை மிதித்துவிட்டுப் போகிறார். “தாலி கட்டியது மேளச் சத்தத்தில் எனக்குத் தெரிந்தது. அட்சதை என் கையில் இருந்தது” என்று எழுதியிருந்தாள்.

அதில் ஒரு சொல் அழுகை இல்லை. ஆனால் கட்டுரை வீட்டாருக்கு எட்டியதும் பூகம்பம் வந்தது. பெரியம்மா ஒரு வாரம் பேசவில்லை. “வீட்டு விஷயத்தை வெளியில் சொல்வாயா?” என்று அப்பா கேட்டார். அண்ணன் மட்டும் அன்று ராத்திரி போன் செய்து, “நீ உள்ள இருந்தது எனக்குத் தெரியாது பாப்பா” என்றான். ஒரே வீட்டில், ஒரே நாளில், தங்கை எங்கே இருந்தாள் என்பது அண்ணனுக்கு எழுத்து வழியாகத்தான் தெரிய வந்தது. எழுதாமல் இருந்திருந்தால்? “அவ கூட்டத்துக்கு வர மாட்டா, அவளுக்குப் பிடிக்காது” என்று படர்க்கையிலேயே அவள் கதை முடிந்திருக்கும்.

இந்தச் சண்டை இன்று நேற்றுத் தொடங்கியது இல்லை. 1780-களில் பாரிஸ் நகரத்தில் வாலண்டின் ஹாய் பார்வையற்ற பிள்ளைகளுக்காக ஒரு பள்ளி தொடங்கினார். நல்ல மனிதர். சாதாரண ரோமன் எழுத்துகளையே தடித்த தாளில் புடைத்து நிற்கும்படி அச்சடித்தார். பிள்ளைகள் விரலால் தடவி ஒவ்வோர் எழுத்தாக வாசித்தார்கள். பார்க்க வந்த பெரியவர்கள் வியந்துபோனார்கள். ஆனால் அந்த முறையில் ஒரு பெரிய ஓட்டை இருந்தது. அந்தப் பிள்ளைகளால் அதில் வாசிக்க முடிந்ததே ஒழிய, தாங்களாக எளிதில் எழுத முடியவில்லை. அடுத்தவர் எழுதியதைத் தடவிக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

அந்தப் பள்ளிக்கு வந்தவன்தான் லூயி பிரெய்ல். 1809-இல் பிறந்தவன். குதிரைச் சேணம் செய்யும் அப்பாவின் பட்டறையில், 3 வயதில், ஊசி குத்திக் கண்ணை இழந்தவன். ராணுவ அதிகாரியாக இருந்த பார்பியே 12 புள்ளிகளில் ஒரு முறையை வைத்திருந்தார். பிரெய்ல் அதை 6 புள்ளிகளாகக் குறைத்து, 1824-இல், தன் 15-ஆவது வயதில், ஒரு விரல் நுனிக்குள் அடங்கும் எழுத்தாக ஆக்கினான். அதன் அருமை வாசிப்பில் மட்டும் இல்லை. ஒரு சட்டகமும் ஓர் ஊசியும் இருந்தால் பார்வையற்றவர் தன் கையால் எழுதலாம். வலமிருந்து இடமாகக் குத்தி, தாளைத் திருப்பினால், தான் எழுதியதைத் தானே வாசிக்கலாம். இடையில் யாரும் வேண்டாம்.

பெரியவர்களுக்கு இது பிடித்ததா? பிடிக்கவில்லை! 1840-இல் பள்ளிக்குப் புதிதாகப் பொறுப்பேற்ற துஃபோ அந்த எழுத்தையே தடை செய்தார். பார்வையுள்ளவர்களால் வாசிக்க முடியாத எழுத்து பார்வையற்றவர்களுக்கு எதற்கு என்பது அன்றைய வாதம். பிள்ளைகள் விட்டார்களா? ஒளித்து வைத்து எழுதினார்கள். ஒருவருக்கொருவர் குறிப்பு அனுப்பினார்கள். சில வருடங்களில் பள்ளி நிர்வாகமே பணிந்தது. 1852-இல் பிரெய்ல் இறந்தார். அதற்கு இரண்டு வருடம் கழித்துத்தான் பிரான்ஸ் அந்த எழுத்தை முறைப்படி ஏற்றது. வாசிப்பதற்கு உலகம் கொடுத்தது. எழுதுவதை அந்தப் பிள்ளைகள் தாங்களாக எடுத்துக்கொண்டார்கள். உன் கையில் இருக்கும் உரிமையின் பழைய வரலாறு இதுதான். அது உனக்கு யாரும் தானமாகத் தந்தது இல்லை.

நம் பக்கம் வா. தமிழில் பார்வையற்ற புலவர்களுக்கா பஞ்சம்? இரட்டைப் புலவர்களில் ஒருவர் பார்வையற்றவர். நடக்க முடியாத மற்றவரைத் தோளில் சுமந்துகொண்டு ஊர் ஊராகப் போனவர். 17-ஆம் நூற்றாண்டில் அந்தகக்கவி வீரராகவ முதலியார் பிள்ளைத்தமிழ் பாடினார், கோவை பாடினார், புராணம் பாடினார். முதுகில் எழுதிக் காட்டச் சொல்லி எழுத்துக் கற்றுக்கொண்டார் என்று அவரைப் பற்றிச் சொல்வார்கள். பழனி மாம்பழக் கவிச்சிங்க நாவலர் சிறுவயதில் அம்மையில் பார்வை இழந்து, ராமநாதபுரம் சமஸ்தானத்தில் கொடிகட்டிப் பறந்தார். எவ்வளவு பெரிய ஆட்கள்! ஆனால் முதுகில் எழுத்து ஊர்ந்தபோது அந்தப் பிள்ளைக்கு எப்படி இருந்தது? கூச்சமாக இருந்ததா? முதன்முதலில் எந்த எழுத்து பிடிபட்டது? சமஸ்தானத்தில் அவரைக் கைபிடித்து அழைத்துப் போனது யார், அந்த ஆள் பொறுமையானவரா? இவை எதுவும் நமக்கு வந்து சேரவில்லை. அவர்களைப் பற்றிய கதைகள் எல்லாம் மற்றவர்கள் சொன்னவை. அந்தக் காலத்துப் புலவர்களிடம் தன்கதை எழுதும் வழக்கமே இல்லை. அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் உன் காலத்தில் வழக்கம் இருக்கிறது, வசதியும் இருக்கிறது. நீ எழுதாமல் போனால் அதற்கு நூற்றாண்டைக் காரணம் காட்ட முடியாது.

எகிப்தில் ஒருவர் எழுதினார். தாஹா ஹுசைன். 1889-இல் நைல் கரைக் கிராமத்தில் ஏழை வீட்டில், நிறையப் பிள்ளைகளில் ஒருவராகப் பிறந்தவர். கண் நோவுக்குச் சரியான வைத்தியம் இல்லாமல் சின்ன வயதிலேயே பார்வை போனது. 1914-இல் எகிப்தியப் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றார். ஆய்வுக்கு அவர் எடுத்த ஆள் அபுல் அலா அல்-மஅர்ரி. ஆயிரம் வருடத்துக்கு முந்தைய அரபுக் கவிஞர், அவரும் பார்வையற்றவர்! பின்னாளில் தாஹா ஹுசைன் நாட்டின் கல்வி அமைச்சரே ஆனார். ஆனால் நான் சொல்ல வந்தது அது இல்லை. 1926-இல் அவர் ‘அல்-ஹிலால்’ இதழில் தன் இளமைக் கதையைத் தொடராக எழுதத் தொடங்கினார். ‘அல்-அய்யாம்’ என்று புத்தகமாக வந்து உலக மொழிகளுக்கெல்லாம் போனது.

அதில் ஒரு சாப்பாட்டுக் காட்சி. சின்னப் பையன் எல்லோரோடும் உட்கார்ந்து சாப்பிடுகிறான். ஏதோ தோன்றி, கவளத்தை இரண்டு கையாலும் எடுக்கிறான். அண்ணன் தம்பிகள் சிரித்துவிடுகிறார்கள். அம்மா அழுகிறாள். அப்பா துக்கமான குரலில், “அப்படி இல்லை மகனே” என்கிற மாதிரி ஏதோ சொல்கிறார். அன்று முதல் அந்தப் பையன் சூப்பையும் சோற்றையும், கரண்டியால் சாப்பிட வேண்டிய எல்லாவற்றையும் தனக்குத் தானே விலக்கிக்கொண்டான். சிந்திவிடுமோ, சிரிப்பார்களோ என்ற பயம். நாட்டிலேயே பேர் பெற்ற பேராசிரியர், எதிரிகளும் நிறைய இருந்தவர், இதை அச்சில் போட்டார். அவர் கதை முழுவதும் ‘நான்’ என்று எழுதவில்லை, ‘அவன்’, ‘பையன்’ என்றுதான் எழுதினார். ஆனால் அது அவர் எடுத்துக்கொண்ட படர்க்கை. யாரோ அவர் தலைக்கு மேலே பேசிய படர்க்கை இல்லை. நீயும் நாளைக்கு அந்தத் தேர்ச்சிக்கு வரலாம். முதலில் ‘நான்’ என்று எழுதிப் பழகு.

“நான் எழுதினால் நம்புவார்களா சார்? வேறு யாரோ எழுதிக் கொடுத்தது என்று சொல்வார்கள்.” இதை என்னிடம் கேட்காத பிள்ளை இல்லை. நியாயமான பயம். ஹெலன் கெல்லருக்கே நடந்தது. பார்வையும் கேட்கும் திறனும் இல்லாத அந்தப் பெண் 11 வயதில் பனி அரசனைப் பற்றி ஒரு கதை எழுதி, பாஸ்டன் பெர்கின்ஸ் பள்ளித் தலைவருக்குப் பிறந்தநாள் பரிசாக அனுப்பினாள். அச்சிலும் வந்தது. அது வேறொரு எழுத்தாளர் கதையை ஒத்திருப்பது பிறகு தெரிந்தது. சில வருடத்துக்கு முன் யாரோ அவள் கையில் எழுத்துக் கூட்டி வாசித்துக் காட்டிய கதை. கதை நெஞ்சில் தங்கிவிட்டது, கேட்ட நினைவு போய்விட்டது. 1892-இல் விசாரணை வைத்தார்கள். அவளுடைய ஆசிரியை ஆன் சல்லிவனை வெளியே அனுப்பிவிட்டு, அந்தக் குழந்தையை நடுவில் உட்கார வைத்துக் கேள்வி மேல் கேள்வி. குழு சரிபாதியாகப் பிரிந்து நின்றது. அதற்குப் பிறகு அம்மாவுக்குக் கடிதம் எழுதும்போதுகூட, இந்த வாக்கியம் என்னுடையதுதானா என்று பயந்து திரும்பத் திரும்ப வாசித்துப் பார்த்தாள்.

அந்தப் பயத்தை எப்படிப் போக்கினார்கள் தெரியுமா? ஆசிரியை அவளை வற்புறுத்தி, அவளுடைய சொந்தக் கதையையே ஒரு சிறுவர் இதழுக்கு எழுத வைத்தார். அப்போது அவளுக்கு வயது 12. சொந்தக் கதையை யாரிடமிருந்தும் திருட முடியாது! சாமான் அறையில் தேங்காய் எடுக்க வந்தவர் மிதித்த காலை வேறு எந்தப் புத்தகத்திலிருந்து எடுக்க முடியும்? உன்னை யாராவது சந்தேகப்பட்டால் வாதாடிக்கொண்டு நிற்காதே. அடுத்ததை எழுது. அதற்கடுத்ததையும் எழுது.

ஹெலன் கெல்லரிடம் இன்னொரு பாடமும் இருக்கிறது, அது இன்னும் கசப்பானது. அவர் பெரிய எழுத்தாளர் ஆனார். ஆனால் பத்திரிகைகள் அவரிடம் பார்வை இல்லாத வாழ்க்கையைப் பற்றி மட்டுமே கேட்டன. நாட்டின் வரிக்கொள்கையைப் பற்றி, இயற்கை வளத்தைப் பற்றி நான் என்ன நினைக்கிறேன் என்று யாருமே கேட்பதில்லை என்று 1908-இல் வந்த தன் புத்தகத்தின் முன்னுரையிலேயே வருந்தினார். வருந்தியதோடு நிற்கவில்லை. தொழிலாளர் உரிமை, பெண்களின் ஓட்டுரிமை, போர் எதிர்ப்பு என்று எல்லாவற்றையும் எழுதினார். அதுவரை புகழ்ந்தவர்களில் சிலர், அவருடைய குறைபாட்டால்தான் இப்படித் தவறாக யோசிக்கிறார் என்றார்கள். அதற்கும் எழுத்தால் சூடு கொடுத்தார்.

ஆகவே உன்னைப் பற்றி எழுது என்று நான் சொன்னால், கண்ணைப் பற்றி மட்டும் எழுது என்று எடுத்துக்கொள்ளாதே. உன் ஊர்த் தண்ணீர்ப் பிரச்சினையை எழுது. சேப்பாக்கம் மைதானத்தில் உட்கார்ந்து மேட்ச் கேட்டதை எழுது. படித்த நாவலைக் கிழி. விலைவாசியை எழுது. ஒரு கட்டுரை முழுவதும் உன் பார்வையைப் பற்றி ஒரு சொல்கூட வராமல் எழுத உனக்கு உரிமை உண்டு. வேத் மேத்தாவைப் பார். 1934-இல் லாகூரில் பிறந்து, நான்கு வயது நிறையும் முன்பே பார்வை இழந்தவர். முப்பது ஆண்டுகளுக்கு மேல் ‘நியூயார்க்கர்’ இதழில் எழுதினார். மனிதர்களின் உடையையும் அறையின் தோற்றத்தையும் கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டு, நேரில் பார்த்தவர்போல எழுதினார். பார்க்காதவர் இதை எழுதலாமா என்று கேட்டவர்கள் உண்டு. அவர் பாட்டுக்கு எழுதிக்கொண்டே போனார். தன் குடும்பத்தையும் தன்னையும் பற்றி மட்டும் 12 புத்தகங்கள்!

சொல்வதா, மறைப்பதா என்பதில் என் கருத்தையும் சொல்லிவிடுகிறேன். உனக்குப் பார்வை இல்லை என்பதை வாசகருக்குச் சொல்வதும் சொல்லாததும் உன் இஷ்டம். ஆனால் வெட்கப்பட்டு மறைக்காதே. வேறு பெயரில், பார்வையுள்ளவர்போல எழுதி, யாராவது கண்டுபிடித்துவிடுவார்களோ என்று பயந்துகொண்டே இருக்கிற பிள்ளைகளை எனக்குத் தெரியும். எழுத்து அவர்களுக்குச் சுகம் தர வேண்டிய இடத்தில் இன்னொரு சிறையாகிவிட்டது. அந்த வேலை வேண்டாம்.

“நாங்கள் என்ன பெரிதாக அனுபவித்தோம், எழுதுவதற்கு?” என்கிறாயா? கோபம் வருகிறது எனக்கு. 2016 நவம்பர் 8 ராத்திரி பழைய 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்றார்கள். நீளத்தையும் அகலத்தையும் வைத்து நோட்டுகளை அடையாளம் கண்டுகொண்டிருந்த விரல்கள் நம்முடையவை. பிறகு வந்த புதிய 100-க்கும் 200-க்கும் நீளத்தில் 4 மில்லிமீட்டர்தான் வித்தியாசம். 200-க்கும் 500-க்கும் அதே 4 மில்லிமீட்டர். அகலமோ மூன்றுக்கும் ஒன்று. நோட்டை அடையாளம் சொல்ல ரிசர்வ் வங்கியின் ‘மணி’ செயலி வந்தது 2020 ஜனவரியில். இடைப்பட்ட மூன்று வருடம் கடையில், பஸ்ஸில், டீக்கடையில் நீ எப்படிச் சமாளித்தாய்? யார் ஏமாற்றினார்கள், யார் கூப்பிட்டு மீதியைத் திருப்பிக் கொடுத்தார்கள்? எழுதி வைத்தாயா?

அதே 2020 மார்ச்சில் கொரோனாவால் எல்லாம் மூடியது. தொடாதே, தள்ளி நில் என்றார்கள். தொட்டுத்தான் உலகத்தை அறிகிறவர்கள் நாம். ரோட்டைக் கடக்க யாருடைய முழங்கையைப் பிடிப்பது? சென்னை மின்சார ரயில்களில் பேனாவும் கடலைமிட்டாயும் விற்றுக் குடும்பம் நடத்திய நம் அண்ணன்களும் அக்காக்களும், ரயில் ஓடாத அந்த மாதங்களில் என்ன சாப்பிட்டார்கள்? நாளைக்கு ஒருவர் அந்தக் காலத்தின் வரலாற்றை எழுத உட்காருவார். அவர் எடுத்துப் படிக்க நம்முடைய வாக்குமூலம் எத்தனை பக்கம் இருக்கிறது? அந்த ரயில் பெட்டிகளில் குரல் கொடுத்து விற்றவர்களில் ஒருவர் எழுதினால் போதும், பல்கலைக்கழக ஆய்வுகள் அதன் பக்கத்தில் நிற்க முடியாது.

எழுத்து உன்னை மட்டும் காட்டுவதோடு நிற்காது. 2025 ஏப்ரல் 30 அன்று உச்ச நீதிமன்றம், டிஜிட்டல் சேவைகளை அணுகுவது அரசியல் சாசனத்தின் 21-ஆவது பிரிவு தரும் வாழ்வுரிமையின் பகுதி என்று தீர்ப்புச் சொன்னது. வங்கிக்கும் சிம் கார்டுக்கும் ஆளை உறுதி செய்ய, கேமரா முன் கண் சிமிட்டு, முகத்தைச் சட்டத்துக்குள் வை என்று கேட்கும் முறைகளை எதிர்த்த வழக்கு அது. அமில வீச்சில் பாதிக்கப்பட்டவர்களும் பார்வையற்ற ஒருவரும் மனுப் போட்டிருந்தார்கள். மனு என்பது என்ன? எனக்கு, இந்த இடத்தில், இன்னது நடந்தது என்று தன்மையில் எழுதிய எழுத்து. கண்ணைச் சிமிட்ட முடியாதவர்களின் ‘நான்’ அந்த நீதிமன்றத்தில் போய் நின்றது.

இனிக் கருவிக்கு வருவோம். சாக்குச் சொல்ல உனக்கு இடம் வைக்க மாட்டேன். என் தலைமுறை வாசித்துக் காட்டும் ரீடருக்காகவும் சொல்வதை எழுதித் தரும் ஸ்கிரைபுக்காகவும் காத்துக் கிடந்தது. நாம் சொல்வது ஒன்று, அவர் எழுதுவது ஒன்று. ஒரு காதல் கடிதம்கூட இன்னொருவர் காது வழியாகத்தான் போக வேண்டும். உனக்கு அந்தக் கதி இல்லை. திரையில் இருப்பதைக் குரலில் வாசித்துக் காட்டும் திரைவாசிப்பான்களை எடுத்துக்கொள். ‘ஜாஸ்’ மென்பொருளைத் தொடங்கிய டெட் ஹென்டர், மோட்டார் சைக்கிள் பந்தய வீரராக இருந்து 1978-இல் விபத்தில் பார்வை இழந்தவர். ‘என்விடிஏ’வை 2006-இல் எழுதத் தொடங்கிய மைக்கேல் கரனும், அவரோடு சேர்ந்த ஜேம்ஸ் டேவும் பார்வையற்ற ஆஸ்திரேலிய இளைஞர்கள். விலை கொடுக்க முடியாதவர்களுக்கும் கிடைக்க வேண்டும் என்று இலவசமாகவே கொடுத்தார்கள். நம்மவர்கள் செய்த கருவி அது. உன் போனில் டாக்பேக் என்னும் திரைவாசிப்பான் ஏற்கெனவே இருக்கிறது. இன்னும் என்ன வேண்டும்?

பிழை வரும் என்கிறாய். வரும். காதால் மொழி கற்றவர்களுக்கு ரகர றகரமும், மூன்று னகரமும், ல ள ழவும் தொல்லை கொடுக்கும். வேகமாகக் கேட்கும்போது குரல் இயந்திரம் ‘அரம்’, ‘அறம்’ இரண்டையும் ஏறக்குறைய ஒன்றாகவே சொல்லும். அதற்கு வழி இருக்கிறது. எழுதும்போது நிறுத்தாதே, ஓடவிடு. முடிந்த பிறகு வேகத்தைப் பாதியாகக் குறைத்து வரிவரியாகக் கேள். சந்தேகம் வந்த சொல்லில் நின்று, அம்புக்குறி விசையால் ஒவ்வோர் எழுத்தாக நகர்ந்து கேள். போனில் என்றால் டாக்பேக்கின் வாசிப்பு முறையை ‘எழுத்துகள்’ என்று மாற்றி, மேலும் கீழும் விரலை இழு. குரல் வழித் தட்டச்சு செய்தால், ஊர்ப் பெயரையும் ஆள் பெயரையும் கட்டாயம் இப்படித் தனியாகச் சரிபார். யூனிகோடில் மட்டும் எழுது. பழைய எழுத்துருவில் கேட்கும் இதழ்களிடம், அந்தக் கோப்பை என் திரைவாசிப்பானால் வாசிக்க முடியாது, யூனிகோடில்தான் தருவேன் என்று தலை நிமிர்ந்து சொல். பிழைக்குப் பயந்து எழுதாமல் இருப்பவனை விட, பத்துப் பிழையோடு எழுதி எட்டைத் திருத்தியவன் மேல்.

இன்னொன்று. “பார்வை இல்லாமலே இவ்வளவு நல்லா எழுதுறீங்களே!” என்று பாராட்டு வரும். அதைப் பணிவோடு கேட்டுக்கொள், ஆனால் அதில் குளிர் காயாதே. அந்தப் பாராட்டு உன் எழுத்தைப் படிக்காமலே சொல்லக்கூடியது. ‘மூன்றாவது பத்தி இழுக்கிறது, முடிவு பொய்யாக இருக்கிறது’ என்று சொல்கிற ஆளைத் தேடிப் பிடி. நம் ஆட்களுக்குள்ளேயே ஒருவர் எழுதியதை இன்னொருவர் கறாராகப் படியுங்கள். பார்வையற்றவர்களின் படைப்புகளைத் தாங்கி வந்த ‘விரல்மொழியர்’ மின்னிதழைத் தேடிப் படி. உனக்கு முன்னால் எழுதியவர்களோடு சண்டை போடு. அவர்கள் விட்டுவிட்டதை நீ எழுது. பார்வையற்ற பெண்கள் தங்கள் வீட்டைப் பற்றி, கல்யாணப் பேச்சைப் பற்றி, பிள்ளைப்பேற்றைப் பற்றித் தமிழில் எழுதியது எவ்வளவு கொஞ்சம்! தங்கச்சி, அந்த இடம் காலியாகக் கிடக்கிறது. உனக்காக யாரும் அதை நிரப்ப முடியாது. நிரப்பவும் கூடாது.

2011 மக்கள் தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் பார்வைக் குறைபாடு உள்ளவர்கள் 50 லட்சத்துக்கும் மேல். அத்தனை பேரையும் ‘அவர்கள்’ என்ற ஒரே சொல்லில் கட்டி மூலையில் வைத்திருக்கிறார்கள். அந்தக் கட்டிலிருந்து ஓர் ஆளாக வெளியே வா.

எப்போது என்று கேட்காதே. போனை எடு. குறிப்பேட்டைத் திற. இன்று காலையிலிருந்து உனக்கு நடந்ததில் ஒன்றை எடுத்துக்கொள், பெரிதாக இருக்க வேண்டியதில்லை. ‘நான்’ என்று தொடங்கு. கடவுளை முதல் வரியில் கூப்பிடாதே, ஒளியையும் இருளையும் கூப்பிடாதே. எந்தத் தெரு, எந்தக் கடை, யார் என்ன சொன்னார்கள், நீ என்ன பதில் சொன்னாய், சொல்ல நினைத்துச் சொல்லாமல் விட்டது என்ன, அதையும் எழுது. ஊர்ப் பெயரைப் போடு. தேதியைப் போடு. கீழே உன் பெயரை, இனிஷியலோடு, முழுதாகப் போடு.